வக்கீலின் இத்தாலிப் பை

"ஒருத்தன் ஒரு பொருளை எடுத்துட்டான். எடுத்தவனே யாருக்கும் தெரியாம எடுத்த இடத்துல திருப்பி வச்சிட்டான். அப்ப அவன் எடுத்தது இல்லைன்னு ஆயிருமா, ஆகாதா?"

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் வக்கீல் குற்றாலலிங்கம்.

செண்பகவல்லி குழாயடியில் குத்தவைத்திருந்தாள். குழாயின் மூட்டு ஒழுகியது. பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து அதில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"செருப்பை நிழல்ல விடுங்க சார். திரும்பிப் போகையில சுடும்."

"கேட்டதுக்குப் பதில்?"

"இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க."

அவருடைய வலக்கையில் பை இருந்தது. இடக்கையால் பிடித்தார்.

"பையைக் கீழ வச்சிட்டு ரெண்டு கையாலயும் பிடிங்க சார்."

"இது ஈரத் தரை."

அவள் நிமிர்ந்து பையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

மலையடிவாரத்தில் மூடிப்போன அரிசி ஆலை அது. அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிற பஸ் அதன் வாசலில் திரும்பும். ஏழெட்டுப் பேர் அங்கே தங்கியிருந்தார்கள். ஆசிரமம் என்று பலகை கிடையாது. அவளைச் சாமி என்று யாரும் கூப்பிடுவதும் கிடையாது. கிழவர்களுக்கும் அவள் அக்கா.

அந்த அக்கா ஒரு காலத்தில் குற்றாலலிங்கத்தின் ஜூனியர்.

கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. சீனியர் கைவீசி முன்னால் நடப்பார். ஜூனியர் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். செண்பகவல்லி ஆறு வருஷம் அப்படி வந்தாள். ஒருநாள் சாயங்காலம் பையைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தாள். "நாளையிலேர்ந்து வரல சார்" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறொரு ஜூனியர் வந்துவிட்டார்.

பத்து வருஷம் கழித்து அவரே அவளைத் தேடி வந்தார். அதற்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். உட்கார்ந்திருப்பார். சாப்பிடுவார். போய்விடுவார். அவருக்கு வயது ஐம்பத்தேழு. அவளுக்கு நாற்பத்தொன்று.

முதல் தடவை வந்தபோது அவர் தடுமாறியது ஒரே விஷயத்தில்தான்.

"உன்னை... உங்களை நான் எப்படிக் கூப்பிடணும்?"

"மெதுவா யோசிச்சுக்கலாம் சார். இப்பக் கை கழுவுங்க. சோறு ஆறுது."

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

"சரி," என்றாள் செண்பகவல்லி, டியூபை இழுத்து முடிச்சுப் போட்டபடி. "யாரு எதை எடுத்தா?"

குற்றாலலிங்கம் சுற்றிலும் பார்த்தார். மற்றவர்கள் ஊருக்குள் போயிருந்தார்கள். சமையல் செய்கிற சுடலைமுத்து மட்டும் உள்ளே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது கரண்டியைக்கூட கியர் மாற்றுகிற மாதிரிதான் பிடிப்பார்.

"வேற யாரும் இல்ல. நான்தான்" என்றார் வக்கீல்.

பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லாம் அந்தப் பையில்தான் ஆரம்பித்தது.

மருமகன் இத்தாலியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. புளியங்கொட்டை நிறத்துத் தோல். மெழுகேற்றிய நூலில் கையாலேயே தைத்தது. தைத்தவர் பேரை எழுதிய சின்ன அட்டை ஒன்று உள்ளே இருந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு தையல் மற்றதைவிட நெல் முனை அளவு சாய்ந்திருக்கும். அதுதான் கைவேலைக்கு அடையாளம் என்றார் மருமகன். பித்தளைப் பூட்டு. மூடினால் சத்தமே வராது. நல்ல வீட்டுக் கதவு மாதிரி.

உள்ளே மூன்று அறைகள். நடு அறைக்குப் பின்னால், இருப்பதே தெரியாமல், ஒரு ஒட்டு அறை. ஆட்டுத்தோலை மழித்து உள்ளே ஒட்டியிருந்தார்கள். காகிதத்தை அதன் வாயில் வைத்தால் போதும், தானாக உள்ளே போய்விடும்.

கோர்ட்டில் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். முகர்ந்து பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, கேஸ் தோத்தாலும் இந்தப் பையைப் பாத்துக் கட்சிக்காரன் சும்மா போயிருவான்" என்றார் ஒருவர்.

அன்றைக்கு முன்சீப் கோர்ட்டில் ஒரு வீட்டு வழக்கு. எதிர்த்தரப்புக்கு தேவசகாயம். எழுபத்தாறு வயது. மாவட்டத்தில் பாதி வக்கீல்களுக்கு அவர் ஒரு காலத்தில் வேலை சொல்லிக்கொடுத்தவர்.

தேவசகாயத்தின் கட்சிக்காரர் ஒரு பெண். அந்த வீட்டில் குடியிருப்பவள். அவளுக்கு இருந்த ஒரே பிடி, செத்துப்போன வீட்டு முதலாளி கைப்பட எழுதிக்கொடுத்த உயில். பதிவு செய்யாதது. அசல் ஒன்றுதான்.

கோர்ட்டில் அசலைத் தாக்கல் செய்வதற்கு முன் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கொடுத்துக் காட்டுவது மரியாதை. தேவசகாயம் வராந்தாவில் வைத்துக் கொடுத்தார்.

"பாத்துக்கிடும்வே. கையெழுத்து தெளிவா இருக்கு."

குற்றாலலிங்கம் வாங்கினார். படித்தார். தேவசகாயம் தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வக்கீல் நண்பர் வந்தார். பையைத் திறந்து காட்டச் சொன்னார்.

"இந்த ஒட்டு அறை இருக்கு பாத்தீரா? பேப்பர் மடங்காது, கசங்காது. இந்தா, இப்படி வச்சா..."

கையில் இருந்த காகிதத்தை வைத்தார். அது தானாக உள்ளே போய்விட்டது.

"அடேயப்பா" என்றார் நண்பர்.

அதே சமயம் மாடியில் வேறொரு கோர்ட்டில் குற்றாலலிங்கத்தின் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். பையை மூடிக்கொண்டு ஓடினார்.

மத்தியானம் வீட்டு வழக்கு வந்தது. நீதிபதி உயிலைக் கேட்டார். தேவசகாயம் கேஸ் கட்டைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.

"லிங்கம், உம்மகிட்டத்தான குடுத்தேன்?"

"எங்கிட்டயா? இல்லியே சார்."

"வராந்தாவுல குடுத்தேனே வே."

"காட்டினீங்க. அப்பவே திருப்பித் தந்துட்டேனே."

அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார். நம்பியதோடு நிற்கவில்லை. நீதிபதி பக்கம் திரும்பி, "சீனியருக்கு இப்பல்லாம் மூக்குக்கண்ணாடி மூக்குலதான் இருக்குன்னுகூட நாங்கதான் சொல்லணும், யுவர் ஆனர்" என்றும் சொன்னார்.

கோர்ட்டே சிரித்தது. தேவசகாயமும் கொஞ்சம் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் ஒட்டு அறைக்குள் விசிட்டிங் கார்டு வைக்கப் போன குற்றாலலிங்கத்தின் விரலில் காகிதம் தட்டுப்பட்டது.

"அன்னையிலேர்ந்து ஒன்பது நாள்" என்றார் செண்பகவல்லியிடம். "திருடனுக்குத் தேள் கொட்டுன மாதிரி இருக்கேன். வாயைத் திறக்க முடியல. தூக்கம் கிடையாது. இந்தப் பையை இறக்கி வைக்கவும் பயமா இருக்கு. என் பொஞ்சாதி, பாத்ரூமுக்குள்ளயும் கொண்டு போறீங்களேன்னு கேக்கா."

"பேப்பர் இப்ப உள்ளதான் இருக்கா?"

"உள்ளதான்."

"தேவசகாயம் சார் எப்படி இருக்காங்க?"

"இருக்காரு." வக்கீல் குழாயைப் பார்த்தார். "கேஸ் கட்டையெல்லாம் கட்சிக்காரங்ககிட்டத் திருப்பிக் குடுக்காருன்னு கேள்வி. மறதிக்கு டாக்டர்கிட்டப் போயிருக்காராம். பூட்டின கதவையே நாலு வாட்டி இழுத்துப் பாக்காராம். வயசு ஆச்சில்லா. எல்லாரும் ஒருநாள் நிறுத்தத்தான செய்யணும்."

குழாய் சொட்டவில்லை. அவள் காத்திருந்தாள். ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நின்று, விழுந்தது.

"நாளைக்குத்தான் அடுத்த வாய்தா" என்றார் அவர். "நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்."

"சொல்லுங்க."

"காலையில பார் லைப்ரரில அவர் கட்டு மேசைமேல கிடக்கும். அவரு காபி குடிக்கப் போவாரு. அந்நேரம் பாத்து இந்த உயிலைக் கட்டுக்குள்ள சொருகிருவேன். கோர்ட்ல பிரிச்சா, இருக்கும். அவரே எடுத்துருவாரு. அந்தப் பொம்பளைக்கு வீடு தப்பும். எனக்குப் பேரு தப்பும். கேஸ் பாட்டுக்கு நடக்கும். யாருக்கும் சேதாரம் இல்ல."

சொல்லி முடித்ததும் அவருக்கே மனசு லேசானது. வாதம் நன்றாக வந்திருந்தது.

"அதான் கேக்கேன். வச்சிட்டா, எடுத்தது இல்லைன்னு ஆயிரும்லா?"

செண்பகவல்லி கையை முந்தானையில் துடைத்தாள்.

"சாப்பிடுங்க சார். சாப்பிட்டுப் படுங்க. மூணு மணிக்குச் சொல்லுதேன்."

சுடலைமுத்து சோறு போட்டார். புளிக்குழம்பு, கீரை. வக்கீல் பையைத் தொடையோடு அணைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"அதுக்கும் ஒரு இலை போடட்டா?" என்றார் சுடலைமுத்து.

சாப்பிட்டதும் உள்ளறைக் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். பையைத் தலைமாட்டில் வைத்து, அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டார். தோலின் வாசனை வந்தது. ஒன்பது நாள் தேக்கிவைத்ததை வாய்விட்டுச் சொன்ன களைப்பு. கல் தண்ணீரில் விழுகிற மாதிரி தூக்கத்தில் விழுந்தார்.

முழிக்கும்போது கை வெறும் கயிற்றின்மேல் கிடந்தது.

எழுந்து உட்கார்ந்தார். தலைமாட்டில் பை இல்லை. கால்மாட்டில் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தூசி இருந்தது. ஜன்னல் திட்டில், கதவுக்குப் பின்னால், மூலையில் சுருட்டி வைத்த பாய்களுக்கு நடுவில் எல்லாம் தேடினார். திரும்பவும் கட்டிலுக்கு அடியில்.

வேட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என் பை எங்க?"

செண்பகவல்லி குழாய் மூட்டுக்கு இரண்டாவது டியூப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பை சார்?"

"என் பை. இத்தாலிப் பை."

"நீங்க பை கொண்டு வரலியே."

குற்றாலலிங்கம் சிரித்தார். "விளையாடாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. கேலி பண்ணுகிற முகமும் இல்லை. ஜுரக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவர் வலக்கையை நீட்டிக் காட்டினார்.

"கொண்டு வந்தேன். இந்தக் கையில பிடிச்சிருந்தேன். ஈரத் தரைன்னு சொன்னேன்."

"வந்தீங்க. தலை வலிக்குன்னீங்க. சாப்பிட்டீங்க. படுத்தீங்க."

"உயிலைப் பத்திச் சொன்னேன்."

"என்ன உயில் சார்?"

"தேவசகாயம் சார் உயில். ஒன்பது நாளா எங்கிட்ட இருக்குன்னு உங்ககிட்டத்தான சொன்னேன். இந்த இடத்துல உக்காந்து."

"கனவு கண்டிருப்பீங்க. உங்களுக்கு ரொம்ப அலைச்சல்." அவள் குரல் கனிவாக இருந்தது. "உக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க."

அவர் உட்காரவில்லை. சமையற்கட்டுக்குப் போனார்.

"சுடலைமுத்து, நான் வரும்போது கையில என்ன இருந்தது?"

சுடலைமுத்து பானையைத் துலக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கையில விரல்தான் இருந்துச்சு. கையை வீசிட்டுல்லா வந்தீய."

"அதுக்கும் இலை போடட்டான்னு நீர் கேட்டீரே வே."

"எதுக்கு?"

"பைக்கு."

"பைக்கு எதுக்கு வக்கீலய்யா இலை?"

அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது.

இரண்டு சாட்சி. இரண்டும் ஒரே மாதிரி பேசுகிறது. இருபத்தெட்டு வருஷம் இப்படிப்பட்ட சாட்சிகளை வைத்துத்தான் அவர் பிழைத்தார்.

கட்டில் பக்கம் திரும்பிப் போனார். மேலும் ஒரு தடவை அடியில் பார்த்தார். இடக்கையை முகர்ந்தார். சோப்பு வாசனை. வலக்கையை முகர்ந்தார். புளிக்குழம்பு.

"ஒருவேளை பஸ்ஸுல விட்டுட்டியளோ?" சுடலைமுத்து வாசலில் வந்து நின்றார். "அந்த கண்டக்டர் நம்ம பயதான். கேக்கட்டா?"

கேட்கும்படி வக்கீல் சைகை செய்தார். சுடலைமுத்து சிக்னல் தேடி ஆலையின் பின்பக்கம் போய்ப் போனைக் காதில் வைத்தார்; வக்கீலும் பின்னாலேயே போனார்.

"ஏலே, காலையில வந்த வக்கீலு பையை எதையும் விட்டுட்டுப் போனாரா? ... அப்படியா? ... சரி, சரி." போனை மடியில் செருகிக்கொண்டார். "அவரு கையில ஒண்ணுமே கொண்டு வரலியாம். டிக்கெட்டுக்குச் சில்லறைகூட சட்டைப்பையிலேர்ந்துதான் எடுத்தாராம்."

சட்டைப்பையிலிருந்துதான் எடுத்தார். அது ஞாபகம் இருந்தது.

மடியில் பை இருந்ததும் ஞாபகம் இருந்தது. ஆனால் அது இன்றைக்கா, போன மாதமா? போன மாதமும் இதே பஸ்தானே. ஜன்னலோரம் உட்கார்ந்தது போன மாதமா? பூட்டில் வெயில் பட்டு எதிரே இருந்த குழந்தை கண்ணை மூடிக்கொண்டதே, அது எப்போது?

வீட்டுக்குப் பேசலாம். மனைவி சொல்லிவிடுவாள். அவருடைய போன் பைக்குள் இருக்கிறது. சுடலைமுத்துவின் போனை வாங்கினார். கட்டைவிரல் எண்களின்மேல் நின்றது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளின் நம்பர் அவருக்குத் தெரியவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளறைக்கு வந்தார்.

உயில் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்கு வீடு போனது. அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. உயிலே கிடைக்கவில்லையோ? ஒட்டு அறையில் விரலில் தட்டுப்பட்டதே, அதுவும் கனவோ? ஒன்பது நாளாக எதைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்? கோர்ட்டில் எத்தனை கேஸ்களில் இப்படி இருந்ததை இல்லை என்றும் இல்லாததை இருக்கிறது என்றும் சொன்னோம்?

சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் இருந்தது. அதைத் தட்டியும் பார்த்தார்.

செண்பகவல்லி உள்ளே வந்தாள்.

"கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா?"

"மூணு வாட்டி பாத்துட்டேன்."

"இன்னொரு வாட்டி பாருங்க சார்."

குனிந்தார்.

பை இருந்தது.

இழுத்து மார்போடு அணைத்தார். பூட்டைத் திறந்தார். ஒட்டு அறையில் விரலை விட்டார். உயில் இருந்தது. நான்காக மடித்த மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. அவருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"பாத்தீங்களா? இங்கதான் இருந்திருக்கு" என்றாள் அவள். "பரவால்ல சார். வயசாகுதுல்லா. எல்லாருக்கும் வாரதுதான்."

சுடலைமுத்துவும் வாசலிலிருந்து தலையை ஆட்டினார். "எங்க மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

வந்த மூச்சு பாதியில் நின்றது.

வக்கீல் கட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சுடலைமுத்துவைப் பார்த்தார்.

"நீங்கதான் எடுத்தீங்க."

செண்பகவல்லி கட்டில் கயிற்றை இழுத்துச் சரிசெய்தாள்.

"எடுத்துட்டு, நான் அந்தப் பக்கம் போனப்ப திருப்பி வச்சிட்டீங்க. சொல்லுங்க."

"பைதான் கிடைச்சிருச்சே சார்."

"கிடைச்சிருச்சு. ஆனா நீங்கதானே எடுத்தீங்க?"

"உள்ள பேப்பர் இருக்கா?"

"இருக்கு."

"பூட்டு?"

"சரியா இருக்கு."

"தோல்ல கீறல் எதுவும்?"

"இல்ல."

"சேதாரம் இல்லாம வந்திருச்சுல்லா. அப்புறம் என்ன?"

அவள் திரும்பிக் குழாயடிக்குப் போய்விட்டாள்.

குற்றாலலிங்கம் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பை இருந்தது. உயில் இருந்தது. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. ஆனாலும் எதுவோ கிடைக்கவில்லை. அதை எந்த அறையில் தேடுவது என்று தெரியவில்லை.

அவள் பின்னாலேயே போனார்.

"எனக்குத் தெரியணும்."

அவள் மூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கா, இல்ல எனக்குள்ள ஏதாச்சும் கழண்டுட்டா? அதை மட்டும் சொல்லிருங்க. கோவப்பட மாட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அவளுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில். பையும் அவரோடு தரையில் இறங்கியது. அவர் கவனிக்கவில்லை.

"செண்பகம். நீதான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா. ராத்திரி நான் எப்படித் தூங்குவேன்? நாளைக்குக் கோர்ட்ல எந்த முகத்தோட நின்னு பேசுவேன்? நான் பேசுறதை நானே எப்படி நம்புவேன்?"

குழாயில் ஒரு சொட்டு திரண்டது. இந்தத் தடவை விழவில்லை.

அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து வைத்தாள். அவர் எதிரே நேராக உட்கார்ந்தாள்.

"நான்தான் எடுத்தேன் சார்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க பையோடதான் வந்தீங்க. உயிலைப் பத்தி ஒண்ணு விடாமச் சொன்னீங்க. உங்களுக்கு ஒரு மறதியும் இல்ல. நீங்க தூங்கினதும் எடுத்து அரிசி டிரம்முக்குள்ள வச்சேன். உங்களை ஏமாத்தினது நான்."

குற்றாலலிங்கத்தின் உடம்பில் எங்கெங்கோ முறுக்கிக் கிடந்தது எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. முதலில் கழுத்து. பிறகு தோள். சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் இருமினார். சின்ன வயதில் கூட்டத்தில் தொலைந்து, திரும்பவும் அப்பாவின் விரல் கையில் அகப்பட்டபோது ஒருமுறை இப்படி இருந்தது.

"போன் போட்டதும் சும்மா, வக்கீலய்யா" என்றார் சுடலைமுத்து தயங்கித் தயங்கி. "அந்தப் பக்கம் யாருமே இல்ல. அக்கா சொல்லச் சொன்னாவ. பாவம் வந்தா ஆளுக்குப் பாதின்னு பேசிக்கிட்டோம்."

"இலை?"

"கேட்டேன், கேட்டேன். பைக்கு இலை போடட்டான்னு நாந்தான் கேட்டேன்."

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கை பாதியில் நின்றது.

தரையின் ஈரம் வேட்டியில் ஏறியது. எதிரே மலைமேல் மேகத்தின் நிழல் நகர்ந்து அடுத்த சரிவுக்குப் போயிற்று.

 

பையைத் திறந்து போனை எடுத்தார். பேரைத் தேடி அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

"யாரு?"

"குற்றாலலிங்கம் பேசுதேன் சார்."

"சொல்லும்வே." தேவசகாயத்தின் குரல் இளைத்திருந்தது. "நாளைக்கு வாய்தால்லா? நானே உமக்குப் பேசணும்னு இருந்தேன். அந்த உயில் இன்னும் ஆப்பிடல. வீட்டையே புரட்டிப் போட்டுட்டோம். எங்க வச்சேன்னே ஓர்மை இல்ல. அந்தப் பிள்ளைகிட்ட வேற வக்கீல் பாத்துக்கம்மான்னு சொல்லிட்டேன். நீர் கொஞ்சம் அவகாசம் குடுத்தீர்னா..."

"சார்."

"சொல்லும்."

"நீங்க தொலைக்கல."

"என்ன வே சொல்லுதீர்?"

"அன்னைக்கு வராந்தாவுல நீங்க என் கையிலதான் குடுத்தீங்க. 'கையெழுத்து தெளிவா இருக்கு'ன்னு சொல்லிக் குடுத்தீங்க. குடுத்துட்டுத் தண்ணி குடிக்கப் போனீங்க. நான் இந்தப் பையைப் பெருமையடிக்கப் போய், அதை உள்ள போட்டு மறந்துட்டேன். மறந்தது நான். மூணாம் நாளே கிடைச்சிருச்சு. ஒன்பது நாளா வாயைத் திறக்காம இருந்ததும் நான்தான். நாளைக்குக் கோர்ட்ல எல்லார் முன்னாலயும் இதை அப்படியே சொல்லிருதேன்."

 

திட்டு வரும் என்று காத்திருந்தார். தேவசகாயம் கோபத்துக்குப் பேர் போனவர். நீதிபதிகளே அவர் குரல் உயர்ந்தால் பேனாவைக் கீழே வைப்பார்கள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினார்.

ஒன்றும் வரவில்லை.

போனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு, வீட்டுக்குள்ளே தூரத்தில் போகப் போக, மனைவியைக் கூப்பிடுகிற அந்தக் கிழவரின் குரல் கேட்டது.

"எஸ்தர். ஏட்டி எஸ்தர். நான் குடுத்திருக்கேன்."